சின்ன செயின் வாள் நன்றாக அறுக்க என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியல் பக்கமும், கேரள எல்லை தாண்டினால் வெள்ளறடை பக்கமும் ரப்பர் வைத்திருக்கிற பல வீடுகளில் இப்போது சொந்தமாக ஒரு செயின் வாள் இருக்கிறது. 35 சிசி முதல் 58 சிசி வரை உள்ள சின்ன வாள்கள்தான் பெரும்பாலும். “வாள் இழுக்கவில்லை” என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. எஞ்சினைப் பற்றி இதில் கொஞ்சம்தான் வரும், ஏனென்றால் குறை அங்கே இருப்பது அபூர்வம்.

வாங்கின புதிதில் நன்றாக அறுத்தது. இப்போது அழுத்தினால்தான் இறங்குகிறது. எஞ்சின் போய்விட்டதா?

முதலில் தரையைப் பாருங்கள். பச்சை மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது அரிசி அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ சீவல் விழுந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு போலத் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது, அவ்வளவுதான். கூர்மையான செயின் தானாகவே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். வாளின் எடையே போதும், கையால் அமுக்க வேண்டியதில்லை. அமுக்கத் தொடங்கினால் பார் (செயின் சுற்றியோடும் நீளத் தகடு) சூடாகும், கிளட்ச் நழுவும், செயின் நீளும். அப்புறம்தான் எஞ்சினுக்கும் கேடு வரும்.

சீவல் பெரிதாக விழுந்தும் ஆக்சிலேட்டர் கொடுத்தால் எஞ்சின் அணைந்து அணைந்து போகிறது என்றால் மட்டும் ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் பக்கம் போகலாம்.

ஒரு செயினை எத்தனை நாளுக்கு ஒருமுறை தீட்ட வேண்டும்?

நாள் கணக்கு இதற்குச் சரிவராது. இரண்டு டேங்க் பெட்ரோல் தீர்ந்ததும் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு மூன்று தள்ளு அரம் போட்டால் போதும். சுத்தமான பச்சை மரத்தில் அதுவரை தாங்கும். மண்ணில் ஒருமுறை நுனி பட்டால் அந்த நிமிடமே நிறுத்தித் தீட்டுவது நல்லது. நன்றாக மழுங்க விட்டுத் தீட்டினால் ஒவ்வொரு பல்லிலும் நிறைய இரும்பு போகும், செயினின் ஆயுசும் பாதியாகும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டுகிறவரின் செயின்தான் நெடுநாள் வரும்.

எந்த அரம் வாங்க வேண்டும்? கடையில் கேட்டால் ஒன்றைத் தூக்கிக் கொடுக்கிறார்கள்.

செயினின் அளவைப் பொறுத்தது அது. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடைப்பட்ட நீளத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது பிட்ச். 3/8 லோ புரொஃபைல் என்ற சிறிய செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம். .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. அரம். 52, 58 சிசி என்று விற்கிற சீன வாள்களில் பெரும்பாலும் இந்த .325 தான் வரும். பாரின் எஞ்சின் பக்க முனையில் பிட்ச், காடியின் (செயின் ஓடும் பள்ளத்தின்) அகலம், அந்தக் காடிக்குள் ஓடும் இணைப்புகளின் எண்ணிக்கை மூன்றும் பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

சிறிய அரம் போட்டால் பல் கொக்கி போலாகிவிடும். இரண்டு மரம் நன்றாக இழுக்கும், பிறகு முனை உடைந்து மழுங்கும். பெரிய அரம் போட்டால் பல்லின் முகம் பின்னால் சாய்ந்து, மரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அரம் தேய்ந்துவிட்டால் தூக்கி எறிய யோசிக்காதீர்கள். தேய்ந்த அரத்தால் அரை மணி நேரம் தேய்ப்பதைவிடப் புதிய அரம் மலிவு.

தீட்டும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பார் ஆடாமல் நிற்க வேண்டும். தோட்டத்தில் வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) தேட வேண்டியதில்லை. வெட்டின மூட்டின் (மரத்தின்) குற்றியில் வாளாலேயே ஒரு பிளவு அறுத்து, பாரை அதில் நிறுத்தினால் அசையாது. செயினைக் கொஞ்சம் இறுக்கிக்கொள்ளுங்கள், பல் ஆடாமல் இருக்கும். தொடங்கும் பல்லில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி.

பல்லின் மேல்தட்டில் சாய்வாக ஒரு கோடு பொறித்திருக்கும், அதுதான் கோணம். பெரும்பாலான செயின்களுக்கு 30 பாகை. அரத்தை அந்தக் கோட்டுக்கு இணையாக, தரைக்கு மட்டமாகப் பிடியுங்கள். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் ரம்பம் போடுவது போலத் தேய்த்தால் அரமும் போகும், முனையும் மடியும்.

இடப்பக்கப் பற்களையெல்லாம் முடித்துவிட்டு, வாளின் மறுபக்கம் போய் நின்று வலப்பக்கப் பற்களைப் போடுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளு. எந்தப் பல் அதிகம் அடிபட்டிருக்கிறதோ அதை முதலில் சரிசெய்து, மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

முடிந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் வெள்ளைக் கோடாக மினுக்கம் தெரிந்தால் இன்னும் மழுக்கம் இருக்கிறது என்று அர்த்தம். கூர்மையான முனை ஒளியைத் திருப்பாது. வயதானவர்களுக்குக் கண்ணாடி இல்லாமல் இது தெரியாது, கூட இருக்கிற பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடையில் கிரைண்டர் போட்டுத் தருகிறார்களே, அது போதாதா?

நிதானமாகத் தொட்டுத் தொட்டு எடுக்கிறவர் கையில் கிரைண்டர் நல்ல கருவிதான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஐந்து நிமிடத்தில் ஒரு செயினை முடித்துக் கொடுப்பார்கள். அங்கே போய் வந்த செயினைப் பார்த்தால் பல் முனைகளில் நீலம் பாய்ந்திருக்கும். அந்த அளவு சூடேறினால் இரும்பின் பதம் கெட்டுவிடும். சில பல் அரம் ஏறாத அளவுக்கு இறுகிப்போகும், சில பல் ஒரே மரத்தில் மழுங்கும். ஆணியில் அடிபட்டுப் பல பற்கள் மூளியானால் கிரைண்டருக்குக் கொடுங்கள், வழக்கமான தீட்டலுக்கு அரம் போதும். கொடுக்கும்போது “நீலம் வராமல் எடுங்க அண்ணே” என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நன்றாகத் தீட்டியும் சீவல் வரவில்லை, செயின் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. என்ன காரணம்?

ரேக்கரை மறந்திருப்பீர்கள். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறதே, அதுதான். ஆசாரியின் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு கனத்தில்தான் சுருள் வரும். அந்தக் கனத்தை இங்கே ரேக்கர் தீர்மானிக்கிறது. பல்லின் மேல்தட்டு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், தீட்டத் தீட்டப் பல் உயரம் குறைந்துகொண்டே வரும். ரேக்கர் அப்படியே நின்றால் பல் மரத்தைத் தொடவே தொடாது.

சின்ன வாள் செயினுக்குப் பல்லைவிட ரேக்கர் 0.65 மி.மீ. தாழ இருந்தால் சரி. அதற்கென்று தகட்டு அளவுகோல் கிடைக்கிறது. பல்லின் மேல் வைத்து, துளையில் நீட்டிக்கொண்டிருக்கிற ரேக்கரைத் தட்டை அரத்தால் மட்டமாக்க வேண்டும். பிறகு அதன் முன் விளிம்பைக் கொஞ்சம் உருட்டிவிடுங்கள். நாலைந்து முறை தீட்டியதும் ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

“ரேக்கரை நன்றாக ராவினால் வேகமாக அறுக்கும்” என்று ஒரு பேச்சு தோட்டங்களில் உலவுகிறது. பெரிய எஞ்சினில் ஓரளவு உண்மை. 40 சிசி வாளில் அப்படிச் செய்தால் ஒவ்வொரு பல்லும் தாங்க முடியாத அளவு மரத்தைக் கவ்வும். எஞ்சின் திணறும், வாள் குதிக்கும், நுனி பட்டால் முகத்தை நோக்கி எகிறும். தாழ்த்திவிட்டால் மறுபடி உயர்த்தவும் வழியில்லை, பல்லை அந்த அளவுக்கு ராவிக் கொண்டுவந்தால் செயினின் ஆயுசுதான் வீணாகும்.

அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைகிறது.

ஒரு பக்கப் பற்கள் நீளமாகவோ கூர்மையாகவோ இருந்தால் அறுப்பு அந்தப் பக்கம் சாயும். வலக்கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் அரம் நன்றாக ஓடும், மறுபக்கம் சோம்பலாக ஓடும். அதனால் இது சகஜம். மழுங்கின பக்கத்துக்கோ, பல் நீளமாக இருக்கிற பக்கத்துக்கோ இரண்டு தள்ளு கூடுதலாகப் போட்டுப் பாருங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் குறை பாரில். ஒரு நேரான இரும்பு ஸ்கேலைப் பாரின் பக்கவாட்டில், செயின் பல்லையும் தொடுகிற மாதிரி வையுங்கள். ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தால் நல்லது. செயின் சாய்ந்து ஸ்கேல் பாரோடு ஒட்டிக்கொண்டால் காடி அகன்றுவிட்டது. 1.5 மி.மீ. காடியுள்ள பாரில் 1.3 மி.மீ. செயினை மாட்டினாலும் இதே ஆட்டம் வரும். கிடைத்த செயினை மாட்டி ஓட்டுகிறவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

பாரை எப்படிப் பராமரிப்பது?

ஒவ்வொரு முறை தீட்டும்போதும் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். கீழ் விளிம்புதான் அதிகம் தேயும், திருப்பினால் இரண்டும் சமமாகத் தேயும். காடிக்குள் அடைந்த தூளை மெல்லிய தகட்டால் வழித்தெடுத்து, எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். விளிம்பில் பிசிறு மடிந்திருந்தால் தட்டை அரத்தால் எடுக்கலாம். இரண்டு செயின் தேய்ந்து முடிந்ததும் எஞ்சின் பக்க ஸ்ப்ராக்கெட்டையும் (செயினைச் சுற்றும் பல் சக்கரத்தையும்) மாற்றுங்கள். அரை மி.மீ. பள்ளம் விழுந்த ஸ்ப்ராக்கெட் புதிய செயினையும் கெடுத்துவிடும்.

செயின் இறுக்கம்: நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். அடியில் தொங்கக் கூடாது, கையுறை போட்டு இழுத்தால் தாராளமாகச் சுற்ற வேண்டும். சூட்டோடு இறுக்கினால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கி கிராங்க் ஷாஃப்டை இழுக்கும்.

என் வாளில் 22 இஞ்ச் பார். குட்டை பார் மாட்டினால் வேகம் கூடுமா?

கூடும், கையில் எடுத்த உடனே தெரியும். எஞ்சின் சக்தி அதே அளவுதான். நீளப் பாரில் அது கூடுதல் செயினை இழுக்கவும், கூடுதல் உராய்வுக்கும், அதிகப் பற்கள் ஒரே நேரத்தில் மரத்தில் இருப்பதற்கும் செலவாகிறது. 22 இஞ்ச் பாரில் வழக்கமாக 86 இணைப்புச் செயின், பல் 43. 18 இஞ்சில் வழக்கமாக 72 இணைப்பு, பல் 36. தீட்டும் வேலையும் குறையும், எண்ணெயும் நன்றாகப் போய்ச்சேரும். நம் பக்கத்து ரப்பர் மூட்டுக்கு 18 இஞ்ச் ஏராளம். பெரிய அயனியோ பலாவோ வந்தால் இரண்டு பக்கமும் நின்று அறுக்கலாம். வாங்கும்போது கடைக்காரர் நீளப் பாரைத்தான் காட்டுவார், பார்க்கக் கம்பீரமாக இருக்கும்.

ரப்பர் மரத்தில் செயின் சீக்கிரம் போகிறது. மரம் மெதுவானதுதானே?

மரம் மெதுவானதுதான். கேடு மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதில் இருக்கிறது. இருபத்தைந்து முப்பது வருடம் பால் வெட்டின மூட்டில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிரட்டை தாங்கும் கம்பி, பால் வடிகிற தகரம், பழைய வெட்டில் அடித்த ஆணி. சில இடத்தில் பட்டை வளர்ந்து கம்பியை விழுங்கியிருக்கும், வெளியே ஒரு கருப்பு வடு மட்டும் தெரியும். மழைக்குப் பால் வெட்ட ஒட்டின பிளாஸ்டிக்கும் அதன் தார்ப் பசையும் வேறு. தார் செயினில் பட்டால் ரிவெட்டுகள் இறுகி செயின் விறைத்துப்போகும்.

ஆகவே முறிப்பதற்கு முந்தின நாளே ஒருவர் கொடுவாளோடு போய், தரையிலிருந்து ஆள் உயரம் வரை கம்பி, தகரம், பிளாஸ்டிக் எல்லாம் உரித்துவிட வேண்டும். வடு தெரிகிற இடத்தைச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு, அறுப்பை அதற்கு அரை அடி மேலேயோ கீழேயோ தள்ளிவிடுங்கள். அடிமூட்டில் மழை தெறித்து ஒட்டின மண்ணையும் சுரண்டிவிடுங்கள். பச்சை மரத்துப் பால் காடிக்குள் உறைந்து ஜவ்வாகும். மாலையில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தொட்ட பிரஷால் தேய்த்துவிட்டால் மறுநாள் சிரமம் இல்லை.

நம் இடங்களுக்கு, பல்லின் மூலை உருண்டையாக இருக்கிற செமி சிசல் செயின்தான் ஏற்றது. கூர் மூலையுள்ள ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் வேகம் கொடுக்கும், மண் பட்டதும் முதலில் போவதும் அதுதான்.

தென்னை மரம்?

அது தனிக் கதை. தென்னையில் வெளிவட்டம்தான் கடினம், உள்ளே சோறு போல் இருக்கும். போதாததற்குத் தென்னை நாரில் மணல் சத்தான சிலிக்கா இருக்கிறது, செயினைத் தின்றுவிடும். ஒரு மரத்தைத் துண்டு போட்டதும் தீட்டத் தயாராக இருங்கள். நாரெல்லாம் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் போய் அடையும், அடிக்கடி கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும்.

பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாமா?

ஊற்றுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் பைக்கிலிருந்து வடித்த கரி ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும். அது எண்ணெய்ப் பம்பையும் காடியையும் அரிக்கும், கையிலும் துணியிலும் படும், மண்ணிலும் இறங்கும். செயின் ஆயிலில் பிசுபிசுப்பு சேர்த்திருப்பார்கள். செயின் நுனியில் திரும்பும்போது தெறிக்காமல் ஒட்டிக்கொள்வது அதனால்தான். .325 செயின், ஏழு பல் ஸ்ப்ராக்கெட், நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 19 மீட்டர் வேகம் வரும். சாதாரண எண்ணெய் அந்த வேகத்தில் நிற்காது.

எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வெளுத்த கட்டை ஒன்றுக்கு மேல் நுனியைத் தொடாமல் நீட்டி ஆக்சிலேட்டர் கொடுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது எண்ணெய் டேங்கும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். பாதி மிச்சம் இருந்தால் துளை அடைத்திருக்கிறது.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது? இ20 பெட்ரோல் வாளுக்கு ஆகுமா?

உங்கள் வாளின் கையேடு சொல்வதே கணக்கு. 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., 25:1 என்றால் 40 மி.லி. சீன வாள்கள் பலவற்றுக்கு 25:1 சொல்கிறார்கள். தனி கேனில் கலந்து, குலுக்கி, பிறகு ஊற்றுங்கள். டேங்கிலேயே ஊற்றிக் கலக்காதீர்கள்.

2025 முதல் பம்புகளில் பொதுவாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. சின்ன எஞ்சின் கம்பெனிகள் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதம்தான் உச்சவரம்பு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் மலையடிவாரத்து மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பழைய ரப்பர் ட்யூபும் கார்புரேட்டர் டயஃப்ரமும் ஊறி இளகும் அல்லது விறைக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து வையுங்கள், வேலை இல்லாத நாட்களில் டேங்கைக் காலி பண்ணுங்கள். ட்யூப் மாற்றும்போது எத்தனால் தாங்கும் வகை கேட்டு வாங்குங்கள்.

கார்புரேட்டரை நானே திருப்பலாமா?

குறைந்த சுற்றுக்கான எல் திருகை ஐட்லிங்குக்குத் தொடலாம், முழு வேகத்துக்கான எச் திருகோடு விளையாட வேண்டாம். எச் திருகை வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறைந்து சுற்று ஏறும், சத்தம் கிணீரென்று வரும், கேட்க ஆசையாக இருக்கும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்வதும் அப்போதுதான். முழு ஆக்சிலேட்டரில் காற்றில் ஓடும்போது லேசாகப் படபடத்து, மரத்தில் வைத்ததும் சீராகும் சத்தம்தான் சரியான சத்தம். இ20 ஊற்றினால் கலவை இன்னும் மெலியும், அதனால் எச் திருகை இடப்பக்கம் ஒரு சிறு திருப்பு திருப்ப வேண்டிவரலாம், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஐட்லிங்கில் செயின் சுற்றக் கூடாது, அது பாதுகாப்பு விஷயம்.

அதற்கு முன்னால் ஏர் ஃபில்டரைத் தினமும் சோப்புத் தண்ணீரில் அலசிக் காய வைத்தீர்களா? சைலன்சர் வாயில் உள்ள சின்ன வலையில் கரி அடைத்திருக்கிறதா? பிளக் இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா? பல வாள்கள் இந்த மூன்றிலேயே சரியாகிவிடும்.

கையாளும் முறையில் ஏதாவது மாற்றினால் வேகம் கூடுமா?

மரத்தில் வைப்பதற்கு முன்பே முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள், அறுத்து முடியும்வரை குறைக்காதீர்கள். வாளின் அடியில் உள்ள முள்ளை மரத்தில் ஊன்றி, பின்கையைத் தூக்கினால் செயின் தானாக இறங்கும். நுனியின் மேற்பாதியால் மரத்தைத் தொடவே கூடாது, எகிறல் அங்கேதான் பிறக்கிறது.

பார் சிக்கிக்கொள்வதில்தான் நேரம் அதிகம் வீணாகும். கட்டையின் இரு முனையும் எதன்மேலாவது இருந்து நடு தொங்கினால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு அடியிலிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் இருந்தால் முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. பிளாஸ்டிக் ஆப்பு இரண்டு பையில் இருக்கட்டும். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் பட்டால் போச்சு.

காற்றில் சாய்ந்த மரத்துக்கு இது ஒன்றும் போதாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு இந்த மாவட்டம் முழுக்க ரப்பர் மூடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. வேரோடு சாய்ந்த மரத்தைத் தண்டில் அறுத்ததும் வேர்மண் பாளம் பழைய குழிக்குள் தடாலென்று திரும்பி விழும். குழிக்குள் ஆளோ பிள்ளைகளோ நின்றால் அவ்வளவுதான். வில் மாதிரி வளைந்த கொம்பை ஒரே அறுப்பில் முடிக்காமல், வளைவின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து விசையை இறக்க வேண்டும். அனுபவம் இல்லாதவர் அந்த மரத்தைத் தொட வேண்டாம்.

சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு வாள் பிடிக்காதீர்கள். பேண்ட், பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு மூடி, இவ்வளவாவது வேண்டும்.

கையடக்க பேட்டரி வாள் உபயோகமா?

மிளகுக் கொடி ஏறின முருக்கைக் கவாத்து பண்ண, சின்னக் கொம்பு கழிக்க நல்லது. பலவற்றில் தானாக எண்ணெய் வராது. சில நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டு எண்ணெய் விடாவிட்டால் சின்னப் பார் சீக்கிரம் கருகும். மரம் முறிக்க அது ஆகாது.

மழைக்காலம் முழுக்க வாளை வைக்க வேண்டியிருக்கிறது. எப்படி வைப்பது?

டேங்கைக் காலி பண்ணி, அதுவாக அணையும்வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி டூ-டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் ஆயில்) நாலு சொட்டு விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து மூடுங்கள். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து, ஒரு பழைய டப்பாவில் செயின் ஆயிலில் முக்கி வையுங்கள். பார் காடியையும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். வாளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், உரமூட்டை இல்லாத மூலையில் வையுங்கள். உரத்தின் ஈரக்காற்று பட்டால் ஒரு மழைக்குள் துரு ஏறிவிடும்.